மேடைப் பேச்சு அப்புறம், முதலில் அந்தப் பையன்

வாசகர் கேள்வி:

அக்கா, எனக்கு 26 வயது. ராமநாதபுரம் மாவட்டம், மண்டபம் பக்கம் கடற்கரைக் கிராமம். தொழில்முறை கபடி ஆட்டக்காரன், லீக்கில் ஆடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் முழங்காலில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனது. அந்தச் சமயத்தில் மனசு ரொம்பக் கெட்டுப்போய், மனநல மருத்துவரைப் பார்த்து மாத்திரை சாப்பிட்டுத்தான் எழுந்து வந்தேன். அதிலிருந்து நம்ம பக்கத்துப் பள்ளிகளில் விளையாட்டு விழாவுக்குக் கூப்பிட்டால், பிள்ளைகளை அடிக்கக் கூடாது, மனசு சரியில்லை என்றால் வெளியே சொல்ல வேண்டும் என்று பேசி வருகிறேன். போன மாதம் ஒரு பள்ளியில் பேசிவிட்டு இறங்கும்போது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பின்னாலேயே வந்தான். அப்பாவை இலங்கை நேவி பிடித்துப் போய்விட்டது, அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறார், கடன்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார், எடை கூடிவிட்டது என்று 55 கிலோ டீமிலிருந்து கோச் இவனை எடுத்துவிட்டார், அடியும் விழுந்திருக்கிறது. "நான் இருந்து என்னண்ணே ஆகப்போகுது" என்றான். நான் தோளைத் தட்டி "நீ சிங்கம்டா, மனசத் தளரவிடாத" என்று சொல்லி, செல்பி எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டேன். இப்போது அவன் முகம் என்னைத் தூங்க விடவில்லை. எங்கள் ஊர்ப் பழைய ஆட்டக்காரர்களோ "நாங்க அடி வாங்காமலா வந்தோம், நீ அடி வாங்காமலா டிவிக்குப் போன?" என்று கேட்கிறார்கள். கபடி ஆடுகிறவன் இந்த வேலையைச் செய்யலாமா? செய்தால் எப்படிச் செய்வது?

பதில்:

தம்பி, செய்யலாமா கூடாதா என்பதற்குக் கீழே வருகிறேன். அதற்கு முன்னால் அந்தப் பையன். இதை வாசித்து முடித்ததும் அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியருக்குப் போன் போடுங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம். ஒரு மாதம் ஆகிவிட்டதே, இப்போது போய்க் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்ற தயக்கமும் வேண்டாம். அவ்வளவு பேர் இருந்த இடத்தில் அந்தப் பிள்ளை உங்களைத் தேடி வந்து சொல்லியிருக்கிறான். நீங்கள் திரும்ப வந்தால் அவனுக்கு அது பெரிய விஷயம். வராவிட்டால், சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று அவன் முடிவு கட்டிவிடுவான். அடுத்த முறை யாரிடமும் சொல்ல மாட்டான். என் பயம் அதுதான்.

"நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று 14 வயதுப் பையன் சொல்வது சில நேரம் வெறும் சலிப்பாக இருக்கும், சில நேரம் அப்படி இருக்காது. எது என்று முகத்தைப் பார்த்து ஊகிக்க முடியாது, இத்தனை வருடமாக மனநல வேலையில் இருக்கும் என்னாலும் முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளியில் அவனுக்குப் பிடித்த ஆசிரியர் யார் என்று விசாரித்து அவரையும் கூட வைத்துக்கொண்டு, ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டு எதிரே உட்கார வைக்காமல், மைதானத்து ஓரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். "அன்னைக்கு நீ சொன்னது என் மனசுலயே இருக்கு. நான் அவசரத்துல எதையோ சொல்லிட்டுப் போயிட்டேன். இப்ப முழுசாச் சொல்லு, எனக்கு எந்த அவசரமும் இல்ல" என்று ஆரம்பித்தால் போதும். அதற்கப்புறம் பேசாமல் இருங்கள். அவன் மண்ணைக் கிளறிக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருப்பான், அந்த இடைவெளியை நீங்கள் அறிவுரையால் நிரப்பிவிடக் கூடாது.

பிறகு நேராகக் கேளுங்கள், "செத்துப்போயிரலாம்னு தோணுதாப்பா?" என்று. இந்த வார்த்தையை வாயில் எடுக்கவே பலருக்குப் பயம், நாமே அந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டது போல ஆகிவிடுமோ என்று. ஆகாது. இது நிறைய ஆராய்ந்து பார்க்கப்பட்ட விஷயம். கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை, ஏற்கெனவே உள்ளே வைத்துத் தவிக்கிற பிள்ளைக்கு யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற ஆறுதல்தான் வருகிறது. ஆமாம் என்று தலையாட்டினால் அதிராதீர்கள், திட்டாதீர்கள், "அம்மாவை நினைச்சுப் பாரு" என்று குற்ற உணர்ச்சியை ஏற்றாதீர்கள். எப்படி, எப்போது என்கிற வரை யோசித்து வைத்திருக்கிறானா என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். யோசித்திருந்தால் அவனைத் தனியாக விடவே கூடாது. அம்மாவுக்குத் தகவல் சொல்லி, அன்றைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போக வேண்டும். இரவாகிவிட்டால் அவசரப் பிரிவுக்கு, வண்டி இல்லையென்றால் 108. அங்கே போகும்வரை என்ன பேசுவது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று குழம்பினால் 14416-க்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்று இல்லை, பக்கத்தில் இருக்கிற நீங்களே கேட்கலாம்.

இன்னொன்று, அவன் நிச்சயம் கேட்பான், "யார்ட்டயும் சொல்லிறாதீங்கண்ணே" என்று. அந்தச் சத்தியத்தை மட்டும் செய்யாதீர்கள். "டீம்ல பேசிச் சிரிக்கிறதுக்கோ ஊர்ல பரப்புறதுக்கோ சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணுனா, உனக்கு உதவி பண்ணக்கூடிய ஆள்கிட்ட சொல்லுவேன், அதையும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் இதை நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள். சத்தியம் செய்து கொடுத்துவிட்டு மீறினால்தான் உடைந்துபோகிறார்கள்.

அந்த செல்பியை எங்காவது போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

அவனுடைய அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாசி எடுக்கப் போகிற பெண்களைப் பார்த்துத்தானே வளர்ந்திருப்பீர்கள், தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்துக் கடலுக்குள் இறங்கி, கையிலும் காலிலும் பாறை கிழித்து, வந்த கையோடு சமைத்து, இப்போது வீட்டுக்காரர் வேறு அக்கரைச் சிறையில். அவரிடம் போய் "உங்க பையனுக்கு மனநலப் பிரச்சினை இருக்கும்போலத் தெரியுது" என்று ஆரம்பித்தால் பாவம், அவர் காதில் விழுவது, மனநோயாளிகளைக் குணமாக்கத் தர்காவுக்குக் கூட்டிப் போகிற ஏர்வாடி என்கிற ஊர்ப் பெயர்தான். நம் மாவட்டத்தில் இந்தப் பேச்சுக்குப் பின்னால் அப்படி ஒரு பாரம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அதிகாலையில் அங்கே தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்து எரிந்தபோது, சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தவர்கள் ஓட வழியில்லாமல் போக, 28 பேர் உயிரிழந்தார்கள். அதற்கப்புறம் அப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. தர்காவுக்கு வருகிறவர்களுக்குத் துவாவோடு மருந்தும் கிடைக்கும்படி அரசு மருத்துவ ஏற்பாடும் வந்தது. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் ஒருவனைக் கேலி செய்ய "இவன ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போங்கடா" என்று சொல்கிற வழக்கம் போகவில்லை. அதனால் அந்த அம்மாவிடம் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். அவன் சரியாகத் தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, முன்னே போலக் கலகலப்பாக இருக்கிறானா என்று கேளுங்கள், அவரே எல்லாம் சொல்வார். பிறகு உங்கள் கதையைச் சொல்லுங்கள். "எனக்கும் இப்படி ஆச்சும்மா, டாக்டரப் பார்த்தேன், மாத்திரை சாப்பிட்டேன், இப்ப ஆடிக்கிட்டு இருக்கேன்." இதை நான் சொன்னால் படித்தவள் ஏதோ சொல்கிறாள் என்று இருக்கும். தொடையில் தட்டி ஏறிப் போகிற ஆள் சொன்னால், அந்த அம்மா அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவார்.

சாப்பாடும் கடனும் தனிப் பிரச்சினை, அதை மாத்திரை தீர்க்காது. இலங்கைச் சிறையில் இருக்கிற மீனவர் குடும்பத்துக்கு மீன்வளத் துறை வழியாகத் தினசரி உதவித்தொகை உண்டு, அது இந்த வீட்டுக்கு வருகிறதா என்று விசாரியுங்கள், சில வீடுகளில் காகிதம் ஏதோ ஒன்று குறைந்து நின்றுபோயிருக்கும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பிள்ளையின் படிப்புக்கு நிதி ஆதரவுத் திட்டம் ஒன்றும் இருக்கிறது, தகுதி உண்டா இல்லையா என்பதை அவர்கள் பார்ப்பார்கள், நீங்கள் விண்ணப்பம் போக வைத்தால் போதும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். அப்பா எப்போது வருவார் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, அவர் வந்தாலும் படகு வராமல் போகலாம், அதனால் "அப்பா சீக்கிரம் வந்துருவாருடா" என்று சும்மா ஆறுதலுக்காகச் சொல்லாதீர்கள். நம் கரையில் இப்படிக் காத்திருக்கிற பிள்ளைகள் நிறைய பேர். வாயைத் திறந்து சொல்கிறவன் ஒருவன், சொல்லாமல் கடைசி பெஞ்சில் படுத்துக் கிடப்பவர்கள் எத்தனையோ பேர்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. கபடி ஆடுகிறவன் இந்த வேலையைச் செய்யலாமா?

கட்டாயம் செய்ய வேண்டும். ஆனால் வேலை எது என்பதில் தெளிவு வேண்டும். பிள்ளைகளிடம் உங்கள் வேலை கேட்பது, கேட்டதை உரிய ஆளிடம் கொண்டு சேர்ப்பது. அவ்வளவுதான். குணமாக்குவது உங்கள் வேலை இல்லை, அதற்கு நாங்கள் இருக்கிறோம். பேச்சை, புகழை, டிவியில் வந்த முகத்தை எல்லாம் பெரியவர்களிடம் செலவழியுங்கள். பெரும்பாலான விளையாட்டு வீரர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிள்ளைகளிடம் மைக்கைப் பிடித்து "மனஉறுதி இருந்தா எதையும் ஜெயிக்கலாம்" என்கிறார்கள், பிள்ளைகளைப் படுத்துகிற பெரியவர்களோடு மேடையில் உட்கார்ந்து சால்வை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். மனஉறுதிப் பேச்சில் எனக்கு உள்ள வருத்தம் என்னவென்றால், ஏற்கெனவே துவண்டு போயிருக்கிற பிள்ளை அதைக் கேட்டு, அப்போ நமக்கு உறுதி இல்லை, குறை நம்மிடம்தான் என்று எடுத்துக்கொள்கிறது.

அபினவ் பிந்த்ராவைப் பாருங்கள். 2008 பெய்ஜிங்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம், இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் தனிநபர் பிரிவில் முதல் தங்கம். தன் வாழ்க்கையில் மனதளவில் பெரிய நெருக்கடி தோற்றபோது வரவில்லை, அந்தத் தங்கத்தை ஜெயித்த பிறகுதான் வந்தது என்று அவரே பொதுவெளியில் பேசியிருக்கிறார். ஜெயித்தவனுக்கும் வரும் என்று தெரிந்தால் தோற்ற பையன் தன்னைக் குறைவாக நினைக்க மாட்டான். உங்கள் பேச்சிலும் எனக்கு வேண்டியது அந்த ஒரு பகுதிதான், மருத்துவரிடம் போனதும் மாத்திரை சாப்பிட்டதும். அதைப் பூசி மெழுகி "கஷ்ட காலத்தத் தாண்டி வந்தேன்" என்று சொல்லிவிடாதீர்கள். எப்போது தூக்கம் போனது, யார் உங்களைக் கூட்டிப் போனது, எத்தனை வாரம் கழித்து மாற்றம் தெரிந்தது, இதைத்தான் பிள்ளைகள் கவனித்துக் கேட்பார்கள்.

அடி விஷயத்துக்கு வருகிறேன். அடியாத மாடு படியாது என்று நம் ஊரில் ஒரு பழமொழியைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த அண்ணன்மார்களிடம் மேடையில் வாதம் செய்யாதீர்கள், அவர்களுக்கு அது தங்கள் வாழ்க்கையையே குறை சொல்வது போல இருக்கும். தனியாக டீக்கடையில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேளுங்கள், "அண்ணே, உங்ககூட அடி வாங்குனவங்கள்ல ஆட்டத்த விட்டுட்டுப் போனவங்க பேரச் சொல்லுங்க." பேர் பேராக வரும். ஒருவன் பதிமூன்று வயதில் வள்ளத்தில் ஏறிவிட்டான், ஒருவன் குடிக்குப் போய்விட்டான், உங்கள் எல்லோரையும் விட நன்றாகக் கபடி பாடிப் போன ஒருவன் ஒருநாள் அடிக்குப் பிறகு மைதானத்துப் பக்கமே வரவில்லை. விழாவுக்குக் கூப்பிட்டு அனுபவத்தைக் கேட்பது அடிக்குப் பிறகும் தங்கியவர்களை மட்டும்தானே. அவர்களும் அடியால் வளர்ந்தார்களா, அடியையும் மீறி வளர்ந்தார்களா என்று யார் பிரித்துப் பார்த்தது?

ஆட்டக்காரன் கோணத்திலேயே பார்த்தாலும் அடி நஷ்டம்தான். ரெய்டில் பிடிபட்டால் வெளியே அடி விழும் என்று பயப்படுகிற பையன் என்ன செய்வான்? எதிரணிப் பக்கத்துக் கோட்டை மட்டும் தாண்டிவிட்டு, யாரையும் தொடாமல் வெறும் ரெய்டாகத் திரும்பி வருவான். புதிதாக ஒன்றை முயன்று பார்க்கவே மாட்டான். அதைவிட மோசம், காயத்தை மறைப்பான். முழங்கால் வலிக்கிறது என்று சொன்னால் "நடிக்கிறியா" என்று கேட்கிற இடத்தில் பிள்ளை ஜவ்வு கிழிகிற வரைக்கும் ஆடத்தான் செய்யும். இதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அந்த கோச்சுகள் பக்கம் நிற்கிறேன். நம் கரையோர ஊர்களில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற பல பேருக்குச் சம்பளம் கிடையாது. பகலில் வேறு வேலை, சாயந்தரம் மைதானம், கைக்காசில் முழங்கால் உறையும் வாழைப்பழமும் வாங்கித் தருகிறார்கள். அவர்களுக்கு அடியைத் தவிர வேறு முறையை யாரும் காட்டவில்லை. உங்கள் கேம்பில் பயிற்சியாளர் எப்படித் தப்பைச் சுட்டிக்காட்டுகிறார், வீடியோ போட்டுக் காட்டுகிறாரா, வெளியே உட்கார வைத்துப் பேசுகிறாரா, அதைக் கொண்டுவந்து இவர்களுக்குக் காட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோச்சுகளுக்கு மட்டும் பயிற்சி என்று வையுங்கள், உங்கள் பெயருக்காகவே வருவார்கள். சட்டத்தையும் மிரட்டாமல் சொல்லி வையுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பள்ளிப் பிள்ளையை உடலாலும் மனதாலும் வதைப்பதைத் தடை செய்கிறது. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவின்படி, 18 வயதுக்குள் இருக்கிற பிள்ளையைப் பொறுப்பில் வைத்துக்கொண்டு கொடுமை செய்தால் சிறைத் தண்டனை வரை போகும். கோச் தன் பொறுப்பில்தானே பிள்ளையை வைத்திருக்கிறார்.

இப்போது எடை. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதுதான் நெஞ்சில் நிற்கிறது. 14 வயதுப் பையனுக்கு எடை கூடுவது நோய் இல்லை தம்பி, அவன் வளர்கிறான். வருடத்துக்குச் சில கிலோ ஏறத்தான் வேண்டும். ஆனால் 55 கிலோ போட்டி என்று போஸ்டர் ஒட்டிவிட்டால், அந்த வாரம் முழுக்க இந்தப் பிள்ளைகள் படுகிற பாடு எனக்குத் தெரியும். சோறு கிடையாது, தண்ணீரைக் குறை, உச்சி வெயிலில் கடற்கரை மணலில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஓடு, வாயில் ஊறுவதைத் துப்பு, அப்புறம் தராசில் ஏறு. தராசைத் தாண்டியதும் வயிறு முட்டத் தின்றுவிட்டு ராத்திரி ஆட்டம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் 100 கிராம் கூடிப்போனதால் இறுதிப் போட்டிக்கு முன் நீக்கப்பட்டதை எல்லோரும் பார்த்தோம். கூடவே மருத்துவர், உணவு நிபுணர் எல்லாம் இருந்த ஒரு பெரியவருக்கே இரவெல்லாம் உடம்பை வற்றவைத்து அப்படியாகிவிட்டது. ஒரு மருத்துவரும் பக்கத்தில் இல்லாத, வளர்கிற வயசுப் பிள்ளைகளை நாம் அதே வழியில் விடுகிறோம், அதைத் திறமை என்று வேறு சொல்கிறோம். தண்ணீர் இல்லாத உடம்பு ஓடினால் சிறுநீரகமும் இதயமும் தாங்காது. பசியோடும் தூக்கமில்லாமலும் இருக்கிற மூளைக்குச் சோர்வும் எரிச்சலும் வரும், அதைத்தான் நாம் "பையனுக்குத் திமிரு" என்கிறோம். அந்தப் பையன் டீமிலிருந்து போனதும் தன் உடம்பையே எதிரியாகப் பார்த்திருப்பான், வீட்டில் இருந்த அத்தனை கஷ்டத்துக்கும் நடுவில் அவன் மூச்சு விடுவதற்கு இருந்த ஒரே இடமும் போய்விட்டது.

இதை மாற்ற உங்களால் முடியும், என்னால் முடியாது. மின்னொளி கபடிப் போட்டி நடத்துகிற ஊர்க் கமிட்டி சிறப்பு விருந்தினராக உங்களைத்தான் கூப்பிடுகிறது. இனிமேல் வருவதற்கு நிபந்தனை போடுங்கள். சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தை முதலில் வைத்து ராத்திரி 10 மணிக்குள் முடிக்க வேண்டும், விடியக்காலை 2 மணிக்கு ஆடவிட்டு மறுநாள் பள்ளிக்கு அனுப்பக் கூடாது. எடையில் கூடிப்போன பையன்கள் ஆட அடுத்த எடைப் பிரிவு ஒன்றும் இருக்க வேண்டும். மைதானத்தில் தண்ணீரும் முதலுதவியும் வேண்டும், பெண் பிள்ளைகள் ஆடினால் உடை மாற்ற மறைவான இடமும் கழிப்பறையும் கட்டாயம். ஒப்புக்கொண்டால் வருகிறேன், இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று தன்மையாகச் சொல்லுங்கள். இரண்டு ஊரில் முகம் சுளிப்பார்கள். மூன்றாவது ஊர் ஒப்புக்கொண்டால் மற்ற ஊர்களும் மெதுவாக வந்துவிடும், நம் ஊர்ப் போட்டிகளில் ஒருவர் செய்வதைப் பார்த்து அடுத்தவர் செய்வது உங்களுக்குத் தெரியாதா.

இதைத்தான் உரிமை என்கிறோம். 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது, இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. ஓய்வும் விளையாட்டும் பிள்ளைகளின் உரிமை என்று அதன் 31-ஆவது பிரிவில் இருக்கிறது, தன்னைப் பற்றிய முடிவில் தன் கருத்தைச் சொல்ல உரிமை உண்டு என்று 12-ஆவது பிரிவில் இருக்கிறது. டீமில் தேர்வாகாத பிள்ளைக்கும் விளையாட உரிமை உண்டு, இதை ஒவ்வொரு பள்ளியிலும் சொல்லுங்கள். இங்கிலாந்துக் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்போர்டு 2020-இல் செய்ததை எனக்கு எப்போதும் சொல்லப் பிடிக்கும். சின்ன வயதில் பசியை அறிந்தவர். கொரோனா காலத்துக் கோடை விடுமுறையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி உணவுக்கு ஈடான உதவி நின்றுபோகும் என்றானபோது, பிள்ளைகளிடம் போய்ப் பசியைத் தாங்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பேசவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார். அரசு முடிவை மாற்றிக்கொண்டது, சுமார் 13 லட்சம் பிள்ளைகளுக்கு அந்த உதவி கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 22. நமக்கு மதிய உணவும் இருக்கிறது, 2022-இலிருந்து தொடக்கப் பள்ளியில் காலை உணவும் இருக்கிறது. நம் கரையில் நீங்கள் கேட்க வேண்டியது வேறு, சிறையில் இருக்கிற மீனவர்களின் பிள்ளைகளை வாரம் ஒருமுறையாவது பார்த்துப் பேச ஒரு ஆலோசகர் பள்ளிக்கு வர வேண்டும் என்று கேளுங்கள். ஆட்சியரிடம் மனுவாகக் கொடுங்கள், மற்ற ஆட்டக்காரர்களையும் கூட்டிப் போங்கள்.

அப்பாக்களைப் பிடிக்க நல்ல நேரம் எது என்று உங்களுக்கே தெரியும். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும், பிள்ளைகளுக்கும் பெரிய லீவு. வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதத்தில் வீட்டில் சண்டையும் குடியும் கூடுவதை நாங்கள் வருஷா வருஷம் பார்க்கிறோம், பிள்ளைகள் மேல் கை ஓங்குவதும் அப்போது கூடுகிறது. வலை சரி பார்க்கிற இடத்தில் போய் உட்கார்ந்து பேசுங்கள், மைக் வேண்டாம். சாயந்தரம் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள், அவர்களும் வந்து பார்க்கட்டும்.

இனி சொல்லப்போவது கொஞ்சம் கனமான விஷயம். இந்தப் பையனைப் போல நாளைக்கு ஒரு பெண் பிள்ளையோ ஆண் பிள்ளையோ உங்களிடம் வந்து, கோச்சோ உறவுக்காரரோ தப்பாகத் தொடுகிறார் என்று சொல்லும். கேட்க ஆரம்பித்த எல்லோரிடமும் ஒருநாள் இது வருகிறது. அப்போது நீங்கள் விசாரணை செய்யக் கூடாது, அந்த ஆளைப் போய் அடிக்கக் கூடாது, ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கவே கூடாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, தெரிய வந்த யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும், மறைத்தால் மறைத்தவருக்கும் தண்டனை உண்டு. 1098-க்கு அழைத்தால் குழந்தைகள் பாதுகாப்பு ஆட்களே உடன் வருவார்கள். பிள்ளையிடம் "நான் உன்னை நம்புறேன், உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொன்னால் போதும், விவரம் தோண்ட வேண்டாம், ஒரே கதையைப் பத்து பேரிடம் சொல்ல வைப்பது அந்தப் பிள்ளைக்கு இன்னொரு கொடுமை. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் 2021 செப்டம்பரில் அந்நாட்டு செனட் குழு முன் கண்ணீரோடு சாட்சி சொன்னார். வீராங்கனைகளிடம் பாலியல் கொடுமை செய்த அணி மருத்துவரைப் பற்றி மட்டும் அவர் பேசவில்லை, தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருந்த அமைப்புகளைப் பற்றியும்தான் பேசினார். அந்த ஆண்டு டோக்கியோவில், மனம் சரியில்லாமல் குட்டிக்கரணம் போட்டால் கழுத்து முறியும் என்று குழு இறுதிப் போட்டியிலிருந்து பாதியில் விலகியவரும் அவர்தான். பாரிஸில் திரும்பி வந்து மூன்று தங்கம் வாங்கினார்.

எந்தப் பிள்ளை சொன்னதையும், பெயர் மாற்றியோ முகத்தை மறைத்தோ கூட, ரீல்ஸில் போடாதீர்கள். நம் ஊர்களில் "ஒன்பதாம் வகுப்பு, அப்பா ஜெயில்ல" என்றாலே போதும், யார் வீட்டுப் பிள்ளை என்று சாயந்தரத்துக்குள் தெரிந்துவிடும். மேலே அச்சாகியுள்ள உங்கள் கடிதத்திலும் அதனால்தான் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிள்ளையோடு பேசும்போது பூட்டிய அறை வேண்டாம், பார்வை படுகிற, ஆனால் காது எட்டாத இடமாக இருக்கட்டும். பெண் பிள்ளைகள் என்றால் ஆசிரியை ஒருவர் பார்வையில் இருக்கட்டும். இது அவர்களுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. அடுத்த பள்ளிக்கு ஒப்புக்கொள்ளும்போதே தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், பேச்சு கால் மணி நேரம்தான், அதற்கப்புறம் ஒரு மணி நேரம் மைதானத்தில் சும்மா உட்கார்ந்திருப்பேன், வருகிற பிள்ளை வரட்டும் என்று. கிளம்பும் முன் யாராவது உதவி தேவைப்படுகிற மாதிரிப் பேசியிருந்தால், அந்தப் பெயரைத் தலைமை ஆசிரியரிடமோ பொறுப்பான ஆசிரியரிடமோ ஒப்படைத்துவிட்டுத்தான் காரில் ஏற வேண்டும். அந்தப் பள்ளியிலேயே தப்பு நடக்கிறது என்றால் மட்டும் நேராக 1098.

கடைசியாக உங்களைப் பற்றி. தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு முறை மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டவர் தூக்கம் போவதைச் சாதாரணமாக விடக் கூடாது, உங்கள் மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். பிள்ளைகள் இன்ஸ்டாகிராமில் ராத்திரி ஒரு மணிக்கு மெசேஜ் போடுவார்கள், கேம்பில் இருக்கும்போது உங்களிடம் போனே இருக்காது, காலையில் பார்த்தால் நெஞ்சு பதறும். அதனால் மெசேஜ் வந்த உடனே தானாகப் போகிற பதிலாக, 14416, 1098 இரண்டு எண்களையும், "இது நான் எப்பவும் பார்க்கிற இடமில்ல, இப்பவே பேசணும்னா இந்த நம்பருக்குக் கூப்பிடு, நேர்ல பேசணும்னா உன் டீச்சர்கிட்டச் சொல்லு" என்ற வரியையும் போட்டு வையுங்கள். ஊரில் நம்பிக்கையான இரண்டு பேரை, ஒரு ஆசிரியை, ஒரு பழைய ஆட்டக்காரர், நீங்கள் இல்லாத மாதங்களில் பிள்ளைகள் போய்ப் பேசுகிற ஆட்களாக முன்கூட்டியே பேசி வையுங்கள். அவர்களுக்கு ஒருநாள் உட்கார்ந்து சொல்லித்தர நான் வருகிறேன், மண்டபத்திலேயே வைத்துக்கொள்ளலாம், சீசன் தொடங்கும் முன்னால் தேதி சொல்லுங்கள்.